கடைத்தெருவுக்கென ஒரு தனித் தீர்வை: நியூயார்க்கின் பி.ஐ.டி. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்கு எழுதித் தருவது என் தொழில். கட்டட உரிமையாளர்கள் தங்கள் சொத்து வரியின் பங்கை வாடகைதாரர்களிடம் கேட்டு அனுப்பும் பருவம் வந்துவிட்டால், அந்தக் கணக்கில் தனியாக நிற்கும் ஒரு தொகையைச் சுட்டிக்காட்டி ஒரே மாதிரியான கேள்விகளைப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்ததனால், கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சுட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

வாடகைக் கணக்கில் 'பி.ஐ.டி.' என்று ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். இது என்ன புது வரி?

பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கமே பி.ஐ.டி. தமிழில் வணிக மேம்பாட்டு வட்டாரம் எனலாம். டிஸ்ட்ரிக்ட் என்றதும் மாவட்டத்தையும் ஆட்சியர் அலுவலகத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம், சில பி.ஐ.டி.கள் ஒரே சாலையின் நான்கைந்து பிளாக்குகளுக்குள் முடிந்துவிடுகின்றன. எல்லை வகுக்கப்பட்ட ஒரு வணிகப் பகுதியில் உள்ள சொத்துகளின் மீது மட்டும் கூடுதலாக ஒரு தீர்வை விதித்து, அதில் சேரும் பணத்தை அந்தப் பகுதிக்குள்ளேயே, அந்தப் பகுதியினரின் தேவைகளுக்கே செலவிடும் ஏற்பாடு இது.

இது புது வரியும் அன்று. 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலம் இதற்கான சட்டத்தை இயற்றியது; நகரின் முதல் பி.ஐ.டி. 1984இல் யூனியன் ஸ்கொயர், 14ஆம் தெருப் பகுதியில் தொடங்கியது. இன்று நகரில் 75க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. உங்களுக்குப் புதிதாகத் தோன்றுகிறதென்றால், ஒன்று உங்கள் தெருவில் அது அண்மையில் தொடங்கியிருக்க வேண்டும், அல்லது உங்கள் கட்டட உரிமையாளர் இதுவரை அதை வரியோடு சேர்த்துக் காட்டி இப்போதுதான் பிரித்துக் காட்டுகிறார் என்று பொருள்.

நகரத்துக்குத்தான் சொத்து வரி கட்டுகிறோமே, அதில் தெருவைப் பெருக்க மாட்டார்களா?

பெருக்குவார்கள், பெருக்கவும் வேண்டும். நகரத் துப்புரவுத் துறையும் காவல் துறையும் எல்லாத் தெருக்களுக்கும் செய்வதை உங்கள் தெருவுக்கும் தொடர்ந்து செய்தாக வேண்டும் என்பதும், பி.ஐ.டி. செய்வது அதற்கு மேலானதாகவே இருக்க வேண்டும், மாற்றாக இருக்கக் கூடாது என்பதும் இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதிகள்.

நடைமுறையில் இதைக் கண்காணிப்பது எளிதன்று. நடைபாதைக் குப்பைத் தொட்டிகளைப் பி.ஐ.டி. ஆட்கள் நாள்தோறும் பார்த்துக்கொள்ளும் தெருவில் நகர ஊழியர்கள் எத்தனை முறை வந்தார்கள் என்று யாரும் குறித்து வைப்பதில்லை. ஆகவே, கேள்வி நியாயமானதே. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் வாடகைக் கணக்கு அன்று, ஆண்டுதோறும் நடக்கும் பி.ஐ.டி. பொதுக்கூட்டம்.

கடைக்காரர்கள் சங்கம் வைத்து நாமே சந்தா போட்டுச் செய்ய முடியாதா?

அப்படித்தான் எல்லா இடங்களிலும் தொடங்கியது. சந்தா கட்டியவர் கடைக்கு முன்னால் மட்டும் விளக்கு எரியச் செய்ய முடியாது என்பதுதான் சங்கங்களின் சிக்கல். பத்துப் பேர் கட்டினால் இருபது பேர் பயன்பெறுவார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பத்துப் பேரில் நால்வர் 'நான் மட்டும் ஏன்' என்று விலகுவார்கள். மூன்றாம் ஆண்டில் சங்கத்தின் பெயர்ப் பலகை மட்டுமே மிஞ்சும்.

கனடாவின் டொரண்டோ நகரில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்னும் கடைத்தெருவினர் இந்தச் சிக்கலுக்குத்தான் 1970இல் ஒரு வழி கண்டார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு வரம்பை வகுத்துக்கொள்வது, அதற்குள் இருக்கும் ஒவ்வொருவரிடமும் நகராட்சியே கட்டாயமாக வசூலித்துத் தருவது என்பதே அந்த வழி. உலகின் முதல் வணிக மேம்பாட்டு வட்டாரமாக அதையே சொல்கிறார்கள். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த நகரமாக நாம் அறிந்த டொரண்டோதான் இதற்கும் தாய்வீடு என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

பணம் யார் கைக்குப் போகிறது?

நகரின் நிதித் துறை சொத்து வரிக் கணக்கோடு சேர்த்து இதையும் கட்டட உரிமையாளருக்கு அனுப்புகிறது. வசூலாகும் தொகையை நகரம் தன் பொதுக் கருவூலத்தில் கரைத்துவிடாமல், அந்தந்த வட்டாரத்தை நடத்தும் லாப நோக்கற்ற மேலாண்மைச் சங்கத்திடம் ஒப்படைக்கிறது. சிறுவணிகச் சேவைகள் துறை அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மேற்பார்வை பார்க்கிறது. சங்கம் ஒவ்வோர் ஆண்டும் வெளித் தணிக்கையாளரைக் கொண்டு கணக்கைத் தணிக்கை செய்து அளிக்க வேண்டும்.

ஆக, விதிக்கும் அதிகாரமும் வசூலிக்கும் கையும் அரசுடையவை. செலவிடும் கை தனியாருடையது. இந்த அமைப்பைப் பற்றிய பாராட்டு, புகார் இரண்டுமே இந்தப் பிளவிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நகரம் முழுமைக்கும் ஒரே விகிதம் கிடையாது. ஒவ்வொரு பி.ஐ.டி.யும் தொடங்கும்போதே தன் 'வட்டாரத் திட்டம்' என்னும் ஆவணத்தில் சூத்திரத்தை எழுதி வைத்துவிடுகிறது. தெருவைப் பார்த்த முகப்பின் நீளம், வரிக்காக மதிப்பிடப்பட்ட சொத்து மதிப்பு, கட்டடத்தின் பரப்பு ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டு மூன்றைக் கலந்தோ அளவுகோலாகக் கொள்வார்கள். வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் உள்ள பகுதியில் பரப்போ மதிப்போ பொருந்தும். குவீன்ஸின் ஒற்றை மாடிக் கடைவரிசைகளில் முகப்பு நீளமே எளிதானது, சண்டை வராதது.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகப்பு அடி ஒன்றுக்கு 50 டாலர் என்று ஒரு வட்டாரத்தில் வைத்திருந்தால், 20 அடி முகப்புள்ள கட்டடத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர். அதே தெருவின் முனையில் இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்து நிற்கும் கட்டடத்துக்கு இரு முகப்பையும் சேர்த்து எண்ணலாம், பக்க முகப்பைக் குறைத்தும் எண்ணலாம். அது திட்டத்தில் எழுதியபடி.

முழுக்க முழுக்கக் குடியிருப்பாக உள்ள சொத்துக்குப் பெரும்பாலான பி.ஐ.டி.களில் ஆண்டுக்கு 1 டாலர்தான். அரசுக் கட்டடங்களுக்கும், லாப நோக்கற்ற நிறுவனங்கள் தம் பணிக்கெனப் பயன்படுத்தும் சொத்துகளுக்கும் விலக்கு உண்டு. கோவிலும் தேவாலயமும் அந்த வகையில் அடங்கும்.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

சொத்து வரியைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகுமோ அதுவே ஆகும். வட்டி ஏறும், பாக்கி அந்தச் சொத்தின் மீதே உரிமைப் பற்றாக (லியன்), அதாவது சொத்தைப் பிணைக்கும் கடனாக நிற்கும். 'எனக்கு இந்தச் சேவை வேண்டாம், ஆகவே கட்ட மாட்டேன்' என்று விலகும் வழி தனியொருவருக்குக் கிடையாது. அந்தக் கட்டாயம் இல்லையென்றால் மேலே சொன்ன சங்கச் சந்தா கதைக்கே திரும்பிப் போய்விடும்.

தீர்வை கட்டட உரிமையாளர் மீதுதான் என்றால், அதை என்னிடம் ஏன் வாங்குகிறார்?

என்னிடம் வரும் கேள்விகளில் மிக அதிகமாக வருவது இதுதான். சட்டத்தின் பார்வையில் கடன்பட்டவர் சொத்தின் உரிமையாளர் மட்டுமே. நகரம் உங்களைத் தேடி வராது. நீங்கள் கட்டுவது உங்கள் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டதனால். 'ட்ரிப்பிள் நெட்' எனப்படும் குத்தகையில் வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் வாடகைதாரர் தலையில் வருகின்றன; அப்படிப்பட்ட பத்திரத்தில் பி.ஐ.டி.யும் தானாகவே உள்ளே வந்துவிடும். மற்ற பத்திரங்களில், 'சொத்து வரி' என்னும் சொல்லுக்கு என்ன வரையறை கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 'வரிகளும் சிறப்புத் தீர்வைகளும்' என்றோ 'பி.ஐ.டி. தீர்வை உட்பட' என்றோ இருந்தால் வாதிட இடமில்லை. வெறும் 'சொத்து வரி' என்று மட்டும் இருந்தால், கட்டுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இன்னொரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. பல குத்தகைகளில் ஓர் அடிப்படை ஆண்டைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஏறும் வரியில் மட்டும் உங்கள் பங்கைக் கேட்பார்கள். அந்த அடிப்படை ஆண்டில் உங்கள் தெருவில் பி.ஐ.டி.யே இல்லாமல் இருந்து, பிறகு தொடங்கியிருந்தால், தீர்வை முழுவதும் 'ஏற்றம்' என்றே கணக்கில் ஏறும். பத்தாண்டுக் குத்தகை எடுத்த ஒரு மளிகைக் கடைக்காரர் நான்காம் ஆண்டில் இதனால் திகைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். பத்திரம் எழுதும் நாளில் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

இதுவும் வணிக வாடகை வரியும் ஒன்றா?

இல்லை. மன்ஹாட்டனில் 96ஆம் தெருவுக்குத் தெற்கே, ஆண்டு அடிப்படை வாடகை 2,50,000 டாலருக்குக் குறையாமல் கட்டும் வணிக வாடகைதாரர்கள் நகரத்துக்கு நேரடியாகக் கட்டுவது வணிக வாடகை வரி. அது நகரின் பொது வருவாயில் சேர்ந்துவிடும். பி.ஐ.டி. தீர்வை உரிமையாளர் வழியாகப் போய் வட்டாரத்துக்கே திரும்புகிறது. குவீன்ஸில் கடை வைத்திருப்பவருக்கு முதலாவது கிடையவே கிடையாது.

வாங்கும் பணத்துக்கு அப்படி என்னதான் செய்கிறார்கள்?

துப்புரவுதான் எங்கும் முதலிடம். நடைபாதையைப் பெருக்குவது, நிரம்பி வழியும் தொட்டியின் பையை மாற்றுவது, சுவர்க் கிறுக்கல்களை அழிப்பது, அழுக்கேறிய கற்களை நீர் பீய்ச்சிக் கழுவுவது ஆகியவை அன்றாட வேலைகள். அடுத்து விழாக்கால விளக்குகள், பூத்தொட்டிகள், இருக்கைகள், தெருவில் வழிகாட்டும் ஊழியர்கள், பகுதியை விளம்பரப்படுத்தும் நிகழ்ச்சிகள் என்று விரியும். சில இடங்களில் காலியாக உள்ள கடைகளின் பட்டியலைத் தயாரித்து வாடகைதாரர் தேடித் தருவதும் உண்டு.

வட்டாரத்துக்கு வட்டாரம் ஏற்றத்தாழ்வு மிக அதிகம் என்பதை மறக்க வேண்டாம். தெற்கு மன்ஹாட்டனில் வால் ஸ்ட்ரீட்டைச் சுற்றியுள்ள டவுன்டவுன் அலையன்ஸின் ஆண்டு வரவு கோடிக்கணக்கான டாலர். மன்ஹாட்டனுக்கு வெளியே உள்ள பரோக்களில் (நகரின் பெரும் பிரிவுகள்) ஒரு முழுநேர இயக்குநரையும் ஒப்பந்தத் துப்புரவாளர் இருவரையும் வைத்துக்கொண்டு ஆண்டைத் தள்ளும் சங்கங்களும் இருக்கின்றன. டைம்ஸ் ஸ்கொயரைப் பார்த்துவிட்டு வந்து 'நம் தெருவில் ஏன் அப்படி இல்லை' என்று கேட்பவர்களுக்கு என் பதில், அங்கே வரி கட்டும் கட்டடங்களின் உயரத்தை ஒரு முறை அண்ணாந்து பாருங்கள் என்பதே.

அவர்களே பெருக்குகிறார்கள் என்றால், என் கடை வாசலை நான் பெருக்க வேண்டாம்தானே?

வேண்டும். நடைபாதையையும், அதன் ஓரக்கல்லிலிருந்து சாலைக்குள் 18 அங்குலத்தையும் சுத்தமாக வைத்திருப்பது நியூயார்க்கில் சொத்துக்கு உரியவரின் கடமை; குத்தகைப் பத்திரம் பெரும்பாலும் அதை உங்களிடம் தள்ளிவிட்டிருக்கும். பி.ஐ.டி. ஊழியர் காலையில் பெருக்கிவிட்டுப் போன பிறகு பகல் 12 மணிக்கு வாசலில் காகிதம் பறந்தால் அபராதச் சீட்டு உங்களுக்குத்தான் வரும்.

பனியும் அப்படியே. தெருமுனைகளையும் சாலையைக் கடக்கும் இடங்களையும் அவர்கள் ஒதுக்கித் தருவார்கள். உங்கள் வாசல் உங்கள் பொறுப்பு. கடைக்குள் சேரும் வணிகக் குப்பையை எடுப்பதற்கு நீங்கள் தனியார் குப்பை வண்டிக்குத் தனியாகப் பணம் கட்டுவதும் தொடரும். அந்தப் பைகளை நடைபாதைத் தொட்டியில் போட்டால் அதற்கும் அபராதம் உண்டு.

சீருடை போட்டுத் திரிகிறார்களே, அவர்கள் போலீஸா?

இல்லை. அவர்கள் பாதுகாப்புப் பணியாளர்கள். காவலருக்குரிய அதிகாரமோ அபராதச் சீட்டு எழுதும் உரிமையோ அவர்களுக்குக் கிடையாது. உங்கள் கடைக்குள் நுழைந்து சோதனையிட முடியாது, தள்ளுவண்டிக்காரரின் உரிமத்தைப் பறிக்க முடியாது. பார்த்ததைக் காவல் துறைக்குச் சொல்வதும், வழி கேட்பவருக்கு வழி சொல்வதுமே அவர்கள் வேலை.

இந்த எல்லை மீறப்பட்டதாக எழுந்த புகார்களும் உண்டு. 1990களின் நடுவில், கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தைச் சுற்றியுள்ள பி.ஐ.டி.யின் சமூக நலத் திட்டத்தில் இருந்தவர்கள் வீடற்றோரை அடித்து விரட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு நகரையே உலுக்கியது. அதே திட்டத்தில் 'பயிற்சி' என்ற பெயரில், சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்கு மிகக் கீழே கொடுத்து வீடற்றோரை வேலை வாங்கியது தவறு, அவர்கள் ஊழியர்களே என்று 1998இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய மாவட்ட நீதிபதி சோனியா சோட்டோமயோர் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அதே காலத்தில், அந்த பி.ஐ.டி.க்கும் மேலும் இரண்டுக்கும் ஒருவரே தலைமை தாங்கி, மேயரைவிட அதிகமாகச் சம்பளம் பெற்றதை மேயர் ஜூலியானி எதிர்த்தார். அந்தத் தலைவர் கிராண்ட் சென்ட்ரல் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. சங்கங்களின் மீதான மேற்பார்வை ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பி.ஐ.டி.யின் கதையே போதும்.

எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுப்பது யார்?

மேலாண்மைச் சங்கத்தின் இயக்குநர் குழு. அதில் பெரும்பான்மை சொத்து உரிமையாளர்களுக்கே என்று சட்டம் சொல்கிறது. வணிக வாடகைதாரர்களுக்கும் குடியிருப்போருக்கும் இடம் உண்டு. மேயர், நகரக் கம்ப்ட்ரோலர் (நகரின் நிதிக் கண்காணிப்பாளர்), பரோ தலைவர், அந்தப் பகுதியின் நகர மன்ற உறுப்பினர் ஆகிய நால்வரின் பிரதிநிதிகளும் அமர்வார்கள்.

வாடகைதாரர் பிரிவுக்கு ஆண்டுக் கூட்டத்தில் தேர்தல் நடக்கும். அதற்கு முன்பே உங்கள் கடையை உறுப்பினராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக்குப் பணம் இல்லை. என் வாடிக்கையாளர்களில் தீர்வையைப் பற்றி முணுமுணுக்காதவர் ஒருவரும் இல்லை, பதிவு செய்துகொண்டவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள்.

உரிமையாளருக்கே பெரும்பான்மை என்பது ஜனநாயகமா? ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பதுதானே நியாயம்?

இதே கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. முன்பு சொன்ன கிராண்ட் சென்ட்ரல் வட்டாரத்துக்குள் குடியிருந்தவர்கள், இயக்குநர் குழுவில் தங்களுக்குச் சமமான வாக்குரிமை இல்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 1998இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் சங்கம் சட்டம் இயற்றுவதில்லை, வரி விதிப்பதில்லை, காவல் அதிகாரம் செலுத்துவதில்லை. குறுகிய நோக்கமும் குறைந்த அதிகாரமும் உடையது. அதன் சுமையும் பெரும்பாலும் உரிமையாளர்கள் மீதே விழுகிறது. ஆகவே ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் விதி அதைக் கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் சுமை உரிமையாளர் மீதே விழுகிறது என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. அது குத்தகை வழியாக யார் பையிலிருந்து போகிறது என்பதை மேலே பார்த்தோம். 1 டாலர் கட்டும் குடியிருப்பாளரைவிட, முழுத் தீர்வையையும் சுமக்கும் கடை வாடகைதாரருக்குத்தான் இந்த வழக்கைத் தொடுக்கக் காரணம் அதிகம் என்று எனக்குப் படுவதுண்டு.

எங்கள் தெருவில் பி.ஐ.டி. தொடங்கப் போகிறார்களாம். தடுக்க முடியுமா?

உரிமையாளர்களால் முடியும், வாடகைதாரர்களால் சட்டப்படி முடியாது. தொடங்க விரும்புவோர் ஒரு முன்னெடுப்புக் குழு அமைத்து, கருத்துக் கேட்டு, வட்டாரத் திட்டத்தை எழுதி, பொதுக்கூட்டங்கள் நடத்த வேண்டும். திட்டம் சிறுவணிகச் சேவைகள் துறை, கம்யூனிட்டி போர்டு (அந்தப் பகுதி மக்களின் ஆலோசனைக் குழு), நகரத் திட்டக் குழு ஆகியவற்றைக் கடந்து நகர மன்றத்துக்கு வரும். மன்றம் விசாரணை நடத்தி முடித்த பிறகு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் உரிமையாளர்களில் குறைந்தது 51 விழுக்காட்டினரோ, மதிப்பிடப்பட்ட சொத்து மதிப்பில் குறைந்தது 51 விழுக்காட்டை உடையவர்களோ நகரச் செயலர் அலுவலகத்தில் எழுத்துமூலம் ஆட்சேபித்தால் திட்டம் நின்றுபோகும்.

இதில் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். ஆட்சேபிக்காமல் சும்மா இருந்தவர் எல்லாரும் சம்மதித்தவராகவே எண்ணப்படுகிறார். வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு கடிதத்தைப் பிரிக்காத உரிமையாளரும் அதில் அடக்கம். நடைமுறையில் நகரம் பரவலான ஆதரவுக்குச் சான்று கேட்கிறது என்பது உண்மையே. ஆனால் சட்டத்தில் எண்ணப்படுவது எதிர்ப்பு மட்டும்தான்.

வாடகைதாரருக்குச் சட்ட உரிமை இல்லையென்றாலும் குரல் இருக்கிறது. குவீன்ஸின் ஜாக்சன் ஹைட்சில் 82ஆம் தெருவில் இருந்த சிறிய பி.ஐ.டி.யை ரூஸ்வெல்ட் அவென்யூ நெடுக, கொரோனா என்னும் பக்கத்துப் பகுதி வரை விரிக்கும் திட்டம் 2013 வாக்கில் முன்வைக்கப்பட்டபோது, வாடகை ஏறிவிடும் என்று அஞ்சிய புலம்பெயர்ந்த சிறு கடைக்காரர்களும் நடைபாதை வியாபாரிகளும் கூட்டங்கூட்டமாக வந்து எதிர்த்தார்கள். அந்த விரிவாக்கம் நடைபெறவில்லை. மாறாக மன்ஹாட்டனின் சைனாடவுனில் சிறு உரிமையாளர்கள் பலர் எதிர்த்தும் 2011இல் திட்டம் நிறைவேறியது.

தொடங்கிய பிறகு தீர்வையை இஷ்டம்போல் ஏற்ற முடியுமா?

முடியாது. ஆண்டுக்கு அதிகபட்சமாக எவ்வளவு திரட்டலாம் என்பது உள்ளூர்ச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும்; அந்த வரம்பைத் தாண்ட நகர மன்றம் மீண்டும் விசாரணை நடத்திச் சட்டம் இயற்ற வேண்டும். கடன் தவணை நீங்கலாக, ஒரு வட்டாரத்தில் ஓர் ஆண்டில் விதிக்கும் தீர்வை, அங்குள்ள சொத்துகளின் மீது அந்த ஆண்டு விதிக்கப்படும் பொது நகர வரியில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மாநிலச் சட்டமும் ஓர் உச்சவரம்பை வைத்திருக்கிறது.

ஆனால் வட்டாரத்தின் மொத்தத் தொகை மாறாமலே உங்கள் பங்கு மாறலாம். சூத்திரத்தில் சொத்து மதிப்பு சேர்ந்திருந்து, உங்கள் கட்டடத்தின் மதிப்பு மற்றவற்றைவிட வேகமாக ஏறினால் உங்கள் கட்டடத்துக்கான தொகை கூடும். 'ஏற்ற மாட்டோம் என்றார்கள், ஏறிவிட்டதே' என்னும் புகார்களில் பல இவ்வகை.

உண்மையிலேயே பயன் இருக்கிறதா, சொல்லுங்கள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபர்மன் மையம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பி.ஐ.டி.களுக்குள் உள்ள வணிகச் சொத்துகளின் விலை, அருகே வெளியில் உள்ளவற்றோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியதாகக் கண்டது. அந்த உயர்வு பெரும்பாலும் அலுவலகக் கட்டடங்கள் நிறைந்த பெரிய பி.ஐ.டி.களில்தான் தென்பட்டது, சிறு கடைத்தெருக்களில் அத்தகைய தெளிவான பயன் தெரியவில்லை.

சொத்து விலை ஏறுவது உரிமையாளருக்கு லாபம். குத்தகை முடியும் தறுவாயில் உள்ள வாடகைதாரருக்கு அது கூடுதல் வாடகையாகவும் வரக்கூடும். ஆகவே பயன் உண்டா என்று கேட்பவரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்கள் குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு என்பதே. எட்டு ஆண்டு மீதமிருந்தால் சுத்தமான தெருவின் பலனை நீங்களே அனுபவிக்கலாம்.

பிரையன்ட் பூங்காவும் இப்படித்தான் நடக்கிறதா?

அது ஒரு தனி வகை. 42ஆம் தெருவில், நகரின் பொது நூலகத்தின் பின்புறம் உள்ள அந்தப் பூங்கா 1970களில் போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகப் பெயர் கெட்டிருந்தது. 1980இல் தொடங்கப்பட்ட ஒரு லாப நோக்கற்ற நிறுவனம் அதை ஏற்று, மூடிப் புதுப்பித்து, 1992இல் மீண்டும் திறந்தது. தொடக்கத்தில் சுற்றியுள்ள கட்டடங்களின் தீர்வை பெருந்துணையாக இருந்தது. இன்று உணவக வாடகை, குளிர்காலக் கடைகள், விளம்பர ஆதரவுகள் ஆகியவற்றின் வருவாயே பெரும்பகுதி. சொத்து நகரத்துடையது, நடத்துவது தனியார். பொது இடம் இவ்வளவு விற்பனைக் கூடாரங்களால் நிறையலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்; அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியில் இரண்டாவது கடை திறக்கப் போகிறேன். அங்கும் இதே சட்டமா?

அங்கே பெயர் ஸ்பெஷல் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட், சுருக்கமாக எஸ்.ஐ.டி. சட்டம் 1984இல் வந்தது. அமைப்பு ஏறக்குறைய இதுதான்; ஆனால் நகராட்சி மன்றம் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றினால் போதும், நியூயார்க்கைப் போன்ற 51 விழுக்காட்டு ஆட்சேபக் கணக்கு அதன் மையத்தில் இல்லை. அதற்கு ஈடாக, மேலாண்மைச் சங்கத்தின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் மன்றம் பொது விசாரணைக்குப் பின்னரே ஏற்கிறது. கேள்வி கேட்க விரும்புபவருக்கு அது நல்ல வாய்ப்பு.

ஒஹையோவில் இதே எஸ்.ஐ.டி. என்னும் பெயரில் நேர்மாறான முறை இருக்கிறது. அங்கே முகப்பு நீளத்தில் 60 விழுக்காட்டையோ நிலப்பரப்பில் 75 விழுக்காட்டையோ உடையவர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால்தான் வட்டாரமே பிறக்கும். பேசாதிருப்பது அங்கே சம்மதம் ஆகாது. மூன்றில் எனக்கு நேர்மையானதாகத் தோன்றுவது ஒஹையோவின் முறைதான்.

பிடிக்கவில்லை என்றால் கலைக்க முடியுமா?

சட்டத்தில் வழி உண்டு. நகர மன்றம் தானாகவே முன்வந்து கலைக்கலாம். அல்லது, மதிப்பிடப்பட்ட மதிப்பில் குறைந்தது 51 விழுக்காட்டை உடையவர்களும், எண்ணிக்கையில் குறைந்தது 51 விழுக்காட்டு உரிமையாளர்களும் கையெழுத்திட்டு மனுச் செய்தால் அதன்மீது மன்றம் செயல்படலாம். தடுப்பதற்கு இரண்டில் ஒன்று போதும், கலைப்பதற்கு இரண்டும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வட்டாரம் வாங்கிய கடன் தீராத வரை கலைக்கவே இயலாது. உள்ளே வரும் கதவைவிட வெளியேறும் கதவு குறுகலானது என்பதால், எதிர்ப்பவர்கள் அந்த 30 நாள் அவகாசத்தைத் தவற விடக் கூடாது.

என் பங்கு என்று கட்டட உரிமையாளர் போட்ட தொகை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிதித் துறையின் இணையதளத்தில் உங்கள் கட்டடத்தின் முகவரியைக் கொண்டு சொத்து வரிச் சீட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்; பி.ஐ.டி. தீர்வை அதில் தனித் தொகையாகக் காட்டப்பட்டிருக்கும். அந்தத் தொகையைக் குத்தகையில் எழுதியுள்ள உங்கள் விழுக்காட்டால் பெருக்குங்கள். என் வாடிக்கையாளர் ஒருவரின் கட்டடத்தில் மூன்று கடைகள். உரிமையாளர் மூவரிடமும் ஆளுக்குப் பாதி என்று மொத்தத்தில் ஒன்றரை மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே செய்தாரா, ஒரு கடையை இரண்டாகப் பிரித்தபின் விகிதத்தைத் திருத்த மறந்தாரா என்று தெரியவில்லை. சீட்டின் நகலை இணைத்து எழுதியதும் இரண்டு ஆண்டு மிகைத் தொகையை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொண்டார்.

பக்கத்துக் கடை காலியாக இருக்கிறது என்பதற்காக அதன் பங்கை உங்கள் மீது ஏற்ற முடியுமா என்பது பத்திரத்தைப் பொறுத்தது. உங்கள் விழுக்காடு கட்டடத்தின் மொத்தப் பரப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டதா, வாடகைக்கு விடப்பட்ட பரப்பை மட்டும் கொண்டதா என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். முதல் வகையானால் ஏற்ற முடியாது, இரண்டாவது வகையாக எழுதியிருந்தால் ஏற்ற முடியும். அடுத்த முறை கையெழுத்திடும் முன் அந்தச் சொல்லை மாற்றச் சொல்லுங்கள்.